பூங்காவிலும் நீர்க்கரையிலும் குளிர்காலப் பறவைகள்: பெருநகரவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

பெருநகரத்தில் வாழ்பவர் பறவை பார்க்கப் பழகுவதற்கு ஆண்டின் மிகச் சிறந்த பருவம் குளிர்காலம். குளிர் மிகுந்த நாடுகளின் நகரங்களில் இலை உதிர்ந்த மரங்கள் எதையும் மறைப்பதில்லை. வெப்ப நாடுகளின் நகரங்களிலோ வடக்கின் உறைபனியைவிட்டு வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் கதிர்க்குருவிகளும் ஏரியிலும் கழிமுகத்திலும் தோட்டத்துப் புதரிலும் குடியேறியிருக்கின்றன. பகல் குறுகிவிடுவதால் பறவைகள் பெரும்பாலான நேரத்தை இரை தேடுவதில் கழித்தாக வேண்டும். சூரியன் தாமதமாக எழுவதால், நள்ளிரவு தாண்டியதும் கண்விழிக்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை.

இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வலசைப் பாதையில் கடந்து போகும் பறவை ஒரு நகரப் பூங்காவில் ஓரிரு நாட்களே தங்கும். குளிர்காலத்தைக் கழிக்க வந்த பறவையோ மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். வலசை வரும் பழுப்புக் கீச்சான் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அதே புதரையும் அதே வேலியையும் காவல் காக்கிறது. காலில் வளையம் இடப்பட்ட கல்திருப்பி உள்ளான்கள் ஆண்டுதோறும் அதே பாறைக் கரைக்குத் திரும்பி வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பறவை இடம் மாறாதபோது நாமும் இடம் மாறாமல் இருப்பதே நல்ல முறை. நகரெங்கும் அலைந்து அரிய பறவைகளைத் துரத்துபவரைவிட, ஒரே தடத்தில் குளிர்காலம் முழுவதும் திரும்பத் திரும்ப நடப்பவர் அதிகம் கற்றுக்கொள்கிறார் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியின் பரிந்துரைகள் எல்லாம் அந்தக் கருத்தையே அடியொற்றியவை.

தடத்தைத் தேர்ந்தெடுப்பது

வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச்சேரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். தொலைவான இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றாவது வாரத்தில் அங்கே போவது நின்றுவிடும். தடத்தின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். அதற்குள் ஒரு நீர்நிலை, மரங்கள் அடர்ந்த ஒரு பகுதி, புதர் மண்டிய ஓர் ஓரம் ஆகிய மூன்றும் அமைந்தால் போதும். சீராகக் கத்தரிக்கப்பட்ட புல்வெளியும் மலர்ப்பாத்திகளும் கண்ணுக்கு இனியவை என்றாலும், உதிர்ந்த சருகுகளை அள்ளாமல் விட்டிருக்கும் மூலையில்தான் பறவைகள் இருக்கும். நிலத்தில் இரை தேடும் பூங்குருவிகளும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆறுமணிக்குருவியும் அத்தகைய சருகுகளைப் புரட்டியே புழுக்களையும் பூச்சிகளையும் எடுக்கின்றன.

நீர்நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது, குளிர்காலம் உங்கள் நகரத்து நீரை என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உறைபனி விழும் நகரங்களில் குளங்கள் முதலில் உறையும், ஓடும் ஆறு அதற்குப் பின்னரே உறையும், கடல்நீரோ சுமார் −1.8 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. ஆகவே கடுங்குளிர் தொடங்கியதும் பூங்காக் குளங்களில் இருந்த வாத்துகள் ஆற்றுக்கும் துறைமுகத்துக்கும் நகர்ந்துவிடும். அந்த நாட்களில் ஒரு நீரூற்றின் அருகிலோ, அனல் மின்நிலையத்தின் வெந்நீர் வெளியேறும் வாய்க்காலிலோ உறையாமல் எஞ்சியிருக்கும் சிறு நீர்ப்பரப்பில் ஒரு பெரிய ஏரியின் பறவைகள் எல்லாம் நெருங்கிக் கிடக்கக் காணலாம். குளம் உறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல், திறந்த நீர் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தேடிப் போக வேண்டிய நேரம் அது.

வெப்ப நாடுகளின் நகரங்களில் உறைபனியின் இடத்தை நீரின் ஆழம் பிடித்துக்கொள்கிறது. மழை முடிந்த உடனே நீர் நிரம்பியிருக்கையில் வாத்துகளும் நாமக்கோழிகளும் மிகுந்திருக்கும். நீர்மட்டம் இறங்கிச் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்கும். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வாரத்துக்கு வாரம் இந்த மாற்றத்தைப் பின்தொடரலாம். மும்பையின் தாணே கழிமுகத்தில் பூநாரைகள் எங்கே நிற்கும் என்பதை ஓதமும் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) சேறும் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டு இடங்களும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டவை. நகரத்துக்குள் இருப்பதாலேயே ஒரு நீர்நிலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் உள்ள 106 ஏக்கர் நீர்த்தேக்கமும், தோக்கியோவின் உயேனோ பூங்காவில் உள்ள சினோபசு குளமும் உயர்ந்த கட்டடங்களின் நடுவே இருந்தபோதிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வாத்துகளால் நிறைகின்றன.

கருவிகள்

பைனாகுலர் ஒன்று போதும். அதன்மேல் 8×42 என்று பொறித்திருந்தால் எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்வில்லையும் கொண்டது என்று பொருள். 42ஐ 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.25 மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம். 10×42 கருவியில் இது 4.2 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மேகமூட்டமும் மங்கிய மாலையும் மிகுந்த பருவத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். குளிரில் கை நடுங்கும்போது பத்து மடங்கு உருப்பெருக்கம் அந்த நடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும். எனவே தொடங்குபவருக்கு 8×42 என்றே சொல்வேன். கண்ணாடி அணிபவர்கள் பைனாகுலரின் கண்வளையங்களை உள்ளே திருகிவைத்துப் பார்த்தால் காட்சி முழுவதும் தெரியும். பரந்த கழிமுகத்தையோ துறைமுகத்தையோ தடமாகக் கொண்டவருக்கு மட்டுமே, முக்காலியின்மேல் நிறுத்தும் தொலைநோக்கி தேவைப்படும். அதைக்கூட முதல் குளிர்காலம் முடிந்த பிறகு வாங்கலாம்.

வில்லையில் ஆவி படிவது இந்தப் பருவத்தின் நிரந்தரத் தொல்லை. குளிரில் நிற்கும்போது வாயால் விடும் மூச்சுக் கண்வில்லைமேல் படாதவாறு பைனாகுலரைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து வெப்பமூட்டப்பட்ட அறைக்குள் நுழைந்தால் கருவியைப் பைக்குள்ளேயே மூடிவைத்து மெல்லச் சூடேற விட வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்தோ காரிலிருந்தோ ஈரக்காற்றுக்குள் கொண்டுவந்தாலும் இதே சிக்கல் எழும். அப்போது துடைத்துக்கொண்டே இருப்பதைவிடச் சில நிமிடங்கள் பொறுத்திருப்பதே மேல்.

உடையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நடப்பவரைவிட நிற்பவருக்கே அதிகம் குளிரும் என்பதை நினைவில் வைத்து ஓர் அடுக்கு கூடுதலாக அணியுங்கள். உரசும்போது ஒலி எழுப்பும் துணியைத் தவிருங்கள்.

நேரம், வெளிச்சம், ஓதம்

கிளம்பும் நேரத்தைக் கடிகாரத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய வேண்டாம். பூங்காவின் மரப்பகுதிக்குச் சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரம் சிறந்தது. இரவு முழுவதும் பட்டினி கிடந்த சிறு பறவைகள் அப்போது வெயில் முதலில் படும் மர உச்சிகளிலும் புதர்களின் கிழக்குப் பக்கத்திலும் கூடுகின்றன. காற்று வீசும் நாளில் காற்றுப் படாத மறுபக்கம்தான் பறவைகளின் பக்கம். மாலையில் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஏதேனும் ஒரு திறந்த இடத்தில் நின்றுகொள்ளுங்கள். காகங்களும் மைனாக்களும் கடற்காகங்களும் அடைவதற்காகக் கூட்டம் கூட்டமாகப் பறந்து செல்லும் திசையைக் குறித்துக்கொண்டால், அவை எங்கே அடைகின்றன என்பதைச் சில மாலைகளில் கண்டுபிடித்துவிடலாம். இந்தியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு அடையும் இடங்கள் சில நகரங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

நீர்க்கரையில் நிற்கும் பக்கத்தை வெளிச்சம்தான் முடிவு செய்ய வேண்டும். வட அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்து, தாழ்வாகவே நகர்கிறது. ஏரியின் வடகரையில் நின்று தெற்கு நோக்கிப் பார்த்தால், மின்னும் நீரின்மேல் கறுத்த நிழலுருக்கள் மட்டுமே தெரியும். அதே ஏரியின் தென்கரையில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால், முந்தைய கணம் வரை நிறமற்றிருந்த வாத்துகளின் பச்சைத் தலையும் செம்பழுப்பு மார்பும் தெளிவாகத் தெரியவரும். இதற்காகக் கால் மணி நேரம் சுற்றி நடக்க வேண்டியிருந்தாலும் தயங்க வேண்டாம்.

கடலோர நகரங்களில் ஓத அட்டவணையைப் பார்க்காமல் கழிமுகத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு ஓதம் முக்கியமானது. பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் செல்கின்றன. எனவே இன்று காலை எட்டு மணிக்கு உச்சத்தைத் தொட்ட நீர் நாளை அதைவிடச் சுமார் 50 நிமிடங்கள் தாமதித்தே உச்சத்தைத் தொடும். நீர் முழுவதும் வடிந்திருக்கும்போது உள்ளான்கள் அகன்ற சேற்றுப்பரப்பில் தொலைவில் சிதறிக் கிடப்பதால் எதையும் இனங்காண முடியாது. நீர் ஏறத் தொடங்கியதும், இரை தேடும் சேறு அடி அடியாகக் குறுகி அவற்றைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. உயர் ஓதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே சென்று ஓரிடத்தில் அமைதியாக நின்றுகொண்டால், நாம் பறவைகளை நெருங்காமலே அவை நம்மை நெருங்கி வரும். உச்ச நேரத்தில் அவை உயரமான திட்டுகளிலும் அலைதடுப்புக் கற்களிலும் நெருங்கி நின்று ஓய்வெடுக்கும். எண்ணுவதற்கு ஏற்ற நேரம் அதுவே. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருப்பதால், அந்த நாட்களை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

நீரின்மேல் இருப்பவை

வாத்துகளிலிருந்து தொடங்குவது எளிது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் தங்கள் வண்ண இறகுகளை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற மங்கிய கோலத்துக்கு மாறுகின்றன. பெரும்பாலான இனங்கள் குளிர்காலம் தொடங்குவதற்குள் மீண்டும் முழு வண்ணத்தைப் பெற்றுவிடுகின்றன. இணை சேர்வதும் பல இனங்களில் குளிர்காலத் தங்குமிடங்களிலேயே நடக்கிறது. நீலச்சிறகி இதற்கு விலக்கு: அதன் ஆண் குளிர்காலத்தின் பிற்பகுதி வரை மங்கிய கோலத்திலேயே இருப்பதால், ஒரு குளத்தில் உள்ள நீலச்சிறகிகள் அனைத்தும் பெண்கள் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாத்து எப்படி இரை தேடுகிறது என்று பாருங்கள். தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே தூக்கி நிற்பவை மேல்நீர் வாத்துகள். கிளுவை, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, அகன்ற கரண்டி அலகைக் கொண்ட தட்டைவாயன் ஆகியவை இந்த வகை. இவை ஆழம் குறைந்த ஓரங்களில் இருக்கும். கலைந்தால் நீரிலிருந்து நேராக எழும்பிப் பறக்கும். முழு உடலுடன் மூழ்கி மறைபவை முக்குளிக்கும் வாத்துகள். இவற்றின் உடல் நீரில் தாழ்ந்து மிதக்கும், கால்கள் பின்தள்ளி அமைந்திருக்கும், எழும்புவதற்கு முன் நீர்ப்பரப்பின்மேல் சிறிது தொலைவு ஓட வேண்டியிருக்கும். மேல்நீர் வாத்துகளுக்குள்ளும் கழுத்தின் நீளம் இடத்தைப் பிரிக்கிறது: கிளுவை எட்ட முடியாத ஆழத்திலுள்ள இரையை ஊசிவால் வாத்து தன் நீண்ட கழுத்தால் எட்டிவிடும். தட்டைவாயன்கள் சில வேளைகளில் கூட்டமாக ஒன்றன்பின் ஒன்று வட்டமிட்டு நீந்தி, கலங்கி மேலெழும் நுண்ணுயிர்களை அலகால் வடித்து உண்பதைக் காணலாம். அப்படி ஒரு வட்டத்தைக் கண்டால் அதை முழுமையாகப் பார்த்து முடிக்காமல் நகர வேண்டாம்.

முக்குளிப்பவற்றை எண்ணுவதற்கு ஒரு வழி உண்டு. எந்த நேரத்திலும் சில பறவைகள் நீருக்கடியில் இருக்கும் என்பதால், முழுப் பரப்பையும் இடமிருந்து வலமாக மூன்று முறை மெதுவாக எண்ணி, கிடைத்த எண்களில் பெரியதை எழுதிக்கொள்ளுங்கள். முக்குளிப்பானையும் நீர்க்காகத்தையும் எண்ணும்போதும் இதே முறையைப் பின்பற்றலாம்.

கடற்காகங்களைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நகரத்தின் நீர்க்கரையில் கைக்கெட்டும் தொலைவில் நின்று நிதானமாகப் பார்க்க இடம்தரும் பறவைகள் அவை. பார்வையைக் கூர்மைப்படுத்த அவற்றைவிட நல்ல பயிற்சி இல்லை. இனங்காண்பதில் சிக்கல் வருவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது வயது: பெரிய கடற்காகங்களுக்கு முதிர்ந்த இறகுக் கோலம் வர நான்கு ஆண்டுகளும் சிறியவற்றுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும் ஆகும் என்பதால், ஒரே இனம் பல தோற்றங்களில் ஒரே கூட்டத்தில் நிற்கும். இரண்டாவது பருவம்: கருந்தலைக் கடற்காகத்தின் கரிய தலை இனப்பெருக்கக் காலத்துக்கு மட்டுமே உரியது, குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரிய பொட்டு மட்டுமே எஞ்சும். தோக்கியோ பெருநகரத்தின் அடையாளப் பறவை இதுவே. அந்த நகரத்து மக்கள் இதைப் பெரிதும் குளிர்காலத்து வெண்தலையுடன்தான் அறிவார்கள்.

எனவே தலையை நம்பாமல் ஒரு வரிசையைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்: அருகில் நிற்கும் பறவையோடு ஒப்பிடும்போது தெரியும் உடலளவு, காலின் நிறம், அலகின் பருமன், முதுகின் சாம்பல் நிறம் எவ்வளவு அடர்த்தி, இறுதியாக இறக்கை நுனி. இந்தியக் கரைகளில் கருந்தலைக் கடற்காகமும் பழுப்புத்தலைக் கடற்காகமும் கலந்து நிற்கும்போது இறக்கை நுனிதான் தீர்ப்பு வழங்குகிறது. முன்னதற்கு விரிந்த இறக்கையின் முன்விளிம்பில் வெள்ளைப் பட்டை தெளிவாகத் தெரியும். பின்னதன் முதிர்ந்த பறவைக்கு அகன்ற கரிய நுனியில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும், கண்ணும் வெளிறியிருக்கும். முதலில் உங்கள் கரையில் மிகுதியாக உள்ள ஓர் இனத்தை எல்லா வயதிலும் அடையாளம் காணப் பழகுங்கள். அதன் பிறகு, வேறொரு கடற்காகம் கூட்டத்தில் வந்து நின்றால் அது தானாகவே கண்ணில் படும்.

உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் குளிர்காலத்தில் சாம்பலும் வெள்ளையுமாக ஒன்றுபோலத் தோன்றுவதால், இங்கே காலும் அலகும் நடையும்தான் துணை. சில அடி ஓடி, சட்டென்று நின்று, குனிந்து ஒரு முறை கொத்தினால் அது உப்புக்கொத்தி வகை. தலை நிமிராமல் அலகைச் சேற்றில் குத்திக்குத்தி நகர்ந்தால் அது உள்ளான். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு, கோட்டான் எனப்படும் கரைப்பறவையுடையது (ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் அன்று). பவளக்காலி பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை தெரியும். பச்சைக்காலிக்கு அந்தப் பட்டை இல்லை, முதுகில் ஆப்பு வடிவில் வெள்ளை மட்டும் உண்டு. சிறிய சாம்பல் நிற உள்ளான்களை முதல் ஆண்டிலேயே பெயர் சொல்லிப் பிரிக்க முயன்று சோர்ந்துவிடாதீர்கள். “சிறிய உள்ளான், இனம் தெரியவில்லை” என்று எழுதுவதும் நேர்மையான பதிவுதான்.

பெரும் புயல் ஓய்ந்த மறுநாள் துறைமுகத்தையும் அலைதடுப்புச் சுவர்களையும் பார்க்கத் தவறாதீர்கள். நடுக்கடலில் வாழும் பறவைகள் ஒதுங்க இடம் தேடி உள்ளே வந்திருக்கக்கூடும். ஆனால் ஈரமான கற்களிலும் உறைந்த நீரின் விளிம்பிலும் கால் வைப்பது ஆபத்து. எந்தப் பறவைக்காகவும் அதைச் செய்ய வேண்டாம்.

மரங்களுக்கிடையே

குளிர்காலப் பூங்காவுக்குள் நுழைந்ததும் அரை மணி நேரம் ஒரு பறவையும் தென்படாமல் போவதும், அடுத்த ஐந்து நிமிடங்களில் பத்து இனங்கள் ஒரே மரத்தில் வந்து குவிவதும் இயல்பு. சிறு பறவைகள் இந்தப் பருவத்தில் பல இனங்கள் சேர்ந்த கூட்டமாகத் திரிவதே இதற்குக் காரணம். பல கண்கள் சேர்ந்தால் எதிரியை முன்கூட்டியே காணலாம், இரையும் விரைவில் கிடைக்கும். குளிர் நாடுகளில் பட்டாணிக்குருவி வகைகள் இந்தக் கூட்டத்துக்கு அச்சாணியாக இருக்கும். அவற்றுடன் மரமேறிகளும் சிறிய மரங்கொத்திகளும் வரும். வெப்ப நாடுகளில் கரிச்சான், மின்சிட்டு, மாம்பழச்சிட்டு, ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி ஆகியவை சேர்ந்து நகரும். முதலில் காதில் விழும் ஓயாத மெல்லிய ஒலிகளை நோக்கி ஓடாமல், கூட்டம் நகரும் திசையைக் கணித்து அதன் முன்னால் சென்று நில்லுங்கள். முதலில் வரும் பறவைகளோடு நிறைவடைந்துவிடாமல், கடைசிப் பறவை கடந்து போகும்வரை காத்திருங்கள். அரியவை பெரும்பாலும் கூட்டத்தின் விளிம்பிலேயே இருக்கும்.

பழமரங்களைத் தடத்தின் நிறுத்தங்களாகக் கொள்ளலாம். ஆலும் அரசும் அத்தியும் பழுக்கும் வாரங்களில் பச்சைப்புறாக்களும் குக்குறுவான்களும் சூறைக்குருவிகளும் அங்கே திரளும். குளிர் நாடுகளில் செம்பழங்கள் தொங்கும் மரங்களைத் தேடிப் பூங்குருவிகளும் மெழுகுச்சிறகுப் பறவைகளும் கடைவீதியின் நடுவே உள்ள வாகன நிறுத்தங்களுக்குக்கூட வரும். இலை உதிராத ஊசியிலை மரங்களையும் அடர்ந்த கொடிகளையும் ஒருமுறை மெதுவாக மேலிருந்து கீழாகப் பாருங்கள். பகலில் உறங்கும் ஆந்தைகள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். மரத்தடியில் வெள்ளை எச்சக் கறைகளும், மயிரும் எலும்பும் அடங்கிய உருண்டைகளும் கிடந்தாலோ, காகங்கள் ஒரே கிளையைச் சுற்றி விடாமல் கத்திக்கொண்டிருந்தாலோ மேலே பாருங்கள்.

வேட்டைப் பறவைகளைத் தேடுவதற்கு அவற்றின் இரைகளே வழிகாட்டும். அமைதியாக மேய்ந்துகொண்டிருந்த புறாக்களோ உள்ளான்களோ ஒரே கணத்தில் மொத்தமாக எழும்பினால், வானத்தில் எங்கோ ஒரு வல்லூறு இருக்கிறது. பொரி வல்லூறு உயரமான கட்டடங்களையும் கோபுரங்களையும் பாறை முகடுகளாகவே கொள்கிறது. ஆகவே தடத்தில் தென்படும் உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளை ஒவ்வொரு முறையும் பைனாகுலரால் ஒரு சுற்றுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பறவைக்குத் தொந்தரவு தராமல் பார்ப்பது

இதை மரியாதை பற்றிய பொது அறிவுரையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. வட அமெரிக்காவில் வாழும் கருந்தொப்பிச் சிக்கடி என்னும் சிறு பறவை கடுங்குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பநிலையை 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை தாழ்த்தி, சேமித்த கொழுப்பை மிச்சப்படுத்தியே விடியலை எட்டுகிறது. ஒரு பகலில் தின்று சேர்த்தது அந்த ஒரு இரவுக்கே சரியாகப் போகும் நிலையில் வாழும் பறவையை, படத்துக்காக மூன்று முறை கிளப்பிவிடுவது அதன் இருப்பிலிருந்து எடுப்பதாகும்.

ஆகவே பறவையின் உடல்மொழியைக் கவனியுங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை தலை நிமிர்ந்து ஒரே திசையில் பார்த்தால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். ஓய்வெடுக்கும் உள்ளான் கூட்டத்தின் அருகே நாயை அவிழ்த்துவிடாதீர்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுப்பதையும், ஆந்தையின் கண்ணில் மின்னொளி பாய்ச்சுவதையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். ஆந்தை அடையும் மரத்தைப் பொதுவெளியில் அறிவித்தால், அன்று மாலையே அங்கே ஒரு கூட்டம் கூடிவிடும். அது அங்கே தங்கியிருக்கும் காலம் முழுவதும் இடத்தை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வாத்துகளுக்கும் கடற்காகங்களுக்கும் ரொட்டி போடுவது அன்பினால் செய்யப்படுவதுதான் என்றாலும், அதில் அவற்றுக்கு வேண்டிய சத்து இல்லை, மிஞ்சுவது நீரையும் கெடுக்கிறது. இறந்தோ நோயுற்றோ கிடக்கும் நீர்ப்பறவையை, பறவைக் காய்ச்சல் பரவும் வாய்ப்பு உள்ளதால், வெறுங்கையால் தொடாமல் உள்ளூர் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

குறிப்பேடு

ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடப்பதன் பயன் எழுதிவைத்தால்தான் கைக்கு வரும். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தொலைவு, காற்று, நீர்மட்டம் அல்லது ஓதம், பார்த்த இனங்கள், ஒவ்வொன்றின் எண்ணிக்கை ஆகிய இவ்வளவும் போதும். அரியவற்றை மட்டும் எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். பார்த்த எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் மட்டுமே, ஒன்று இல்லை என்ற செய்திக்கும் மதிப்பு உண்டு. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் பங்களிப்போடு 2002இல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் இந்தப் பட்டியல்களை ஏற்றினால், உங்கள் பூங்காவின் பதிவு உலகளாவிய தரவோடு சேர்ந்துவிடும். முந்தைய குளிர்காலங்களில் அதே இடத்தில் மற்றவர்கள் எதை எந்த வாரத்தில் கண்டார்கள் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பறவை கணக்கெடுப்புகள் பல குளிர்காலத்திலேயே நடக்கின்றன. கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்கு மாற்றாக, அவற்றை எண்ணுவோம் என்று பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900ஆம் ஆண்டில் அழைப்பு விடுத்தார். டிசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா அந்த இடங்களில் ஒன்று. இப்போது அந்தக் கணக்கெடுப்பு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை, 24 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் நடக்கிறது. நீர்ப்பறவைகளுக்கென 1967இல் தொடங்கிய பன்னாட்டுக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக, 1987 முதல் ஆசியாவிலும் ஜனவரி மாதங்களில் எண்ணுகிறார்கள். பிப்ரவரியில் நான்கு நாட்கள் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடங்கள் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே பங்கேற்றதாகும் என்பதால், புதியவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். உள்ளூர்க் குழுவோடு ஒரு காலைப்பொழுது எண்ணப் போனால், தனியாகப் பல வாரம் திணறிய இனங்காணும் சிக்கல்கள் அனுபவசாலி ஒருவரின் சில சொற்களில் தெளிந்துவிடும்.

கடற்காகம், வாத்து, உள்ளான் ஆகியவற்றின் கால்களில் வண்ண வளையங்கள் உண்டா என்று பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வளையத்தின் நிறம், அது இடக்காலிலா வலக்காலிலா, மூட்டுக்கு மேலா கீழா, எழுத்தும் எண்ணும் எந்த வரிசையில் உள்ளன என்பதைக் குறித்துக்கொண்டு, படமும் எடுக்க முடிந்தால் எடுத்து, உங்கள் நாட்டின் வளையமிடும் அமைப்புக்கு அனுப்பினால், அந்தப் பறவைக்கு எங்கே, எந்த ஆண்டு வளையம் இடப்பட்டது என்ற விவரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

குளிர் தளர்ந்து பறவைகள் குறையத் தொடங்கும்போது தடத்தை விட்டுவிட வேண்டாம். ஓர் இனம் முதலில் தென்பட்ட தேதி பலருடைய குறிப்பேட்டில் இருக்கும், கடைசியாகத் தென்பட்ட தேதியோ சிலரிடமே இருக்கும். தொடர்ந்து மூன்று வாரங்கள் ஓர் இனம் பட்டியலில் வராத பிறகே அதன் கடைசித் தேதியின் கீழே கோடு போடுங்கள். அதுவரை ஒவ்வொரு முறையும் அதன் பெயரை எழுதி எண்ணிக்கைக்கு நேரே சுழியம் இடுங்கள்.